கோ ஃபாஸ்ட் வீடியோ: திரையில் தெரியும் எண்களை வைத்து வேகத்தைக் கணக்கிடுவது எப்படி?

செவ்வானம் கேட்டது:

2015 ஜனவரியில் அமெரிக்கக் கடற்படையின் எஃப்/ஏ-18எஃப் சூப்பர் ஹார்னெட் போர்விமானம் ஒன்று ஃபுளோரிடாவுக்கு அப்பால் கடல்மேல் எடுத்த 'கோ ஃபாஸ்ட்' அகச்சிவப்பு வீடியோ பற்றித்தான் கேள்வி. 2018 மார்ச்சில் அது வெளியானபோது, கடல்பரப்பை ஒட்டி அசுர வேகத்தில் பறக்கும் பொருள் என்றார்கள். 2020 ஏப்ரல் 27 அன்று பென்டகனே அதை அதிகாரபூர்வமாக வெளியிட்டது. 2023 செப்டம்பரில் வந்த, அடையாளம் தெரியாத வான்பொருள்களை ஆராய்ந்த நாசா குழுவின் அறிக்கை சராசரி வேகம் மணிக்கு சுமார் 40 மைல் என்கிறது. இப்படிப்பட்ட பொருள்களை விசாரிக்கும் பென்டகனின் ஆரோ அலுவலகம் 5 முதல் 92 மைல் வரை என்கிறது. இருவரும் பார்த்தது ஒரே வீடியோவைத்தானே?

திரையில் உயரம், கோணம், தொலைவு எல்லாமே இருக்கிறது. முக்கோணவியல் போட்டுப் பார்த்தால் எனக்கு மணிக்கு 166 மைல் வருகிறது. எங்கே தப்பு?

எடுத்துக்கொண்ட எண்கள்: விமானத்தின் உயரம் 25,000 அடி. தொடக்கத்தில் பொருள் இடப்பக்கம் 43 டிகிரி, கீழே 26 டிகிரி, தொலைவு 4.4 கடல் மைல். 22 விநாடி கழித்து இடப்பக்கம் 58 டிகிரி, கீழே 35 டிகிரி, தொலைவு 3.3. விமான வேகம் 367 நாட் (ஒரு நாட் என்பது மணிக்கு ஒரு கடல் மைல்).

---

கோணமானி பதில்:

எண்கள் சரி. 166 எங்கிருந்து வந்தது என்பதும் தெரிகிறது: விமானம் நேராகப் போனதாக வைத்துக்கொண்டீர்கள். அது இடப்பக்கம் சாய்ந்து திரும்பிக்கொண்டிருந்தது. திரையின் நடுவில் இருக்கும் அடிவானக் கோடு சரிந்திருப்பதைப் பாருங்கள்.

முதலில் உயரம். இதற்கு வேகமும் வேண்டாம், திருப்பமும் வேண்டாம். 4.4 × சைன் 26 = 1.93 கடல் மைல், அதாவது விமானத்துக்கு சுமார் 11,720 அடி கீழே. 25,000-இல் கழித்தால் 13,280 அடி. கடைசிப் புள்ளியில் 3.3 × சைன் 35 = 1.89 கடல் மைல், 11,500 அடி. மிச்சம் 13,500. இரண்டுக்கும் 220 அடி வித்தியாசம் வருகிறதே என்று யோசிக்க வேண்டாம். கோணம் முழு டிகிரியில்தான் காட்டப்படுகிறது, தொலைவு ஒரு தசம இடம் மட்டும். முதல் புள்ளியில் அரை டிகிரி பிசகினால் 210 அடி மாறும், 0.05 கடல் மைல் பிசகினால் இன்னொரு 130 அடி. ஆக, பொருள் சுமார் 13,000 அடி உயரத்தில் இருக்கிறது. நாசா குழு, ஆரோ இரண்டும் சொல்வதும் இதைத்தான். கடல்பரப்பை ஒட்டிப் பறந்தது என்ற பேச்சு இந்த ஒரு வரிக் கணக்கிலேயே முடிந்துவிடுகிறது.

அடுத்தது கிடைத்தூரம், அதாவது தரைக்கு இணையாக அளந்த தூரம். 4.4 × கொசைன் 26 = 3.955. 3.3 × கொசைன் 35 = 2.703.

இனி விமானத்தை ஒரு வரைபடத் தாளில் வையுங்கள். தொடக்கத்தில் மூக்கு மேல்நோக்கி. பொருள் முன்பக்கம் 3.955 × கொசைன் 43 = 2.892, இடப்பக்கம் 3.955 × சைன் 43 = 2.697.

விமானம் 22 விநாடியில் காற்றில் கடக்கும் தூரம் 2.243 கடல் மைல். எவ்வளவு திரும்பியது? சாய்வு சராசரியாக 13 டிகிரி என்று எடுப்போம். திரும்பும் வீதம் = புவியீர்ப்பு × டேன் சாய்வு ÷ வேகம். 9.81 × 0.231 ÷ 188.8 = விநாடிக்கு 0.012 ரேடியன். 22 விநாடிக்கு ஏறத்தாழ 15 டிகிரி. வளைந்து போனதால் விமானம் வந்து சேரும் இடம் முன்பக்கம் 2.217, இடப்பக்கம் 0.292.

இப்போதுதான் கவனிக்க வேண்டிய இடம். கடைசியில் திரை காட்டும் 58 டிகிரி புதிய மூக்கிலிருந்து அளந்தது. பழைய திசையிலிருந்து பார்த்தால் 58 + 15 = 73. ஆகவே பொருள் இருக்குமிடம்: முன்பக்கம் 2.217 + 2.703 × கொசைன் 73 = 3.007. இடப்பக்கம் 0.292 + 2.703 × சைன் 73 = 2.877.

பொருள் நகர்ந்தது முன்பக்கம் 0.115, இடப்பக்கம் 0.180. சேர்த்தால் 0.214 கடல் மைல், கிட்டத்தட்ட 396 மீட்டர். 22-ஆல் வகுத்தால் விநாடிக்கு 18 மீட்டர், மணிக்கு 40 மைல். நாசா அறிக்கையில் இருப்பது 390 மீட்டர்.

அந்த 15 டிகிரியை விட்டுவிட்டால் நகர்வு 0.88 கடல் மைல் ஆகிவிடும். உங்கள் 166 அதுதான்.

---

கருவிழி பதில்:

கோணமானி சொன்னதோடு ஒரு சோதனை. பொருள் உண்மையிலேயே கடல்மட்டத்தில் இருந்திருந்தால் என்ன வேகம் வேண்டும் என்று போட்டுப் பாருங்கள். பார்வைக்கோடு கடலைத் தொடும் இடம் தொடக்கத்தில் 25,000 அடி ÷ டேன் 26, அதாவது கிடைத்தூரம் 8.44 கடல் மைல். கடைசியில் 5.88. அதே தாளில் குறித்தால் அந்தப் புள்ளி 22 விநாடியில் 2.24 கடல் மைல் பின்னோக்கி ஓடியிருக்கும். சுமார் 367 நாட். விமானம் போகும் வேகமும் 367 நாட்தான்!

எண் அப்படியே ஒத்துப்போவது ஓரளவு தற்செயல். ஆனால் காரணம் தற்செயல் அல்ல. திரையில் கடல் வேகமாக ஓடுவதற்குக் காரணம் விமானத்தின் சொந்த ஓட்டம். ரயிலில் போகும்போது பக்கத்து மரத்தையே பார்த்துக்கொண்டிருந்தால் தூரத்து மலை மரத்துக்குப் பின்னால் ஓடுமே, அதேதான். கேமரா பொருளைச் சட்டத்துக்குள் பிடித்து வைத்திருப்பதால் ஓட்டம் முழுவதும் பின்னணியில் போய் விழுகிறது. குறுகிய பார்வைக்கோணத்தில் பெரிதாக்கிப் பார்ப்பதால் அது இன்னும் மிகையாகத் தெரியும்.

ஒலிப்பதிவில் கேட்கும் விமானிகளின் உற்சாகத்தையும் வேகத்துக்குச் சான்றாகக் காட்டுகிறார்கள். முதல் முயற்சிகளில் கேமரா இலக்கைப் பற்றிக்கொள்ளாமல் கடைசியில் தானியங்கித் தடம்பற்றல் பிடித்ததற்கான சந்தோஷம் அது. சின்னஞ்சிறு இலக்கை ஓடும் பின்னணியில் பிடிப்பது லேசான வேலை அல்ல.

---

மேல்காற்று பதில்:

கணக்கு அழகு. ஆனால் "40 மைல்" என்பது எதோடு ஒப்பிட்டு என்று யாரும் சொல்லவில்லை.

திரையின் அடியில் வேகம் இரண்டு விதமாக இருக்கும். 254 என்பது அளவுத்திருத்தக் காற்றுவேகம், பக்கத்தில் மாக் 0.61, அதாவது ஒலிவேகத்தில் 0.61 பங்கு. பலர் 254-ஐயே எடுத்துப் போட்டுவிடுகிறார்கள். 25,000 அடியில் காற்று அடர்த்தி குறைவு என்பதால் அந்த எண் உண்மையான ஓட்டத்தைவிட மிகக் குறைவு. மாக் எண்ணைத்தான் எடுக்க வேண்டும்: அந்த உயரத்தில் திட்ட வளிமண்டலத்தில் ஒலிவேகம் 602 நாட், × 0.61 = 367. செவ்வானம் இதைச் சரியாகவே எடுத்திருக்கிறார். 254 போட்டால் பொருள் 94 நாட்டில் பின்னோக்கிப் போவதாக விடை வரும். திசையே தலைகீழ்.

இனி முக்கியமான விஷயம். அந்த 367 தரையோடு ஒப்பிட்ட வேகம் அல்ல, விமானத்தைச் சூழ்ந்த காற்றோடு ஒப்பிட்டது. அப்படியானால் 396 மீட்டரும் 25,000 அடிக் காற்றோடு சேர்ந்து மிதக்கும் ஒரு தாளில் அளந்ததுதான். தரைவேகம் வேண்டுமானால் 25,000 அடிக் காற்றின் வேகத்தையும் திசையையும் கூட்ட வேண்டும். பொருள் தானாக ஓடியதா, சும்மா மிதந்ததா என்று தெரிய வேண்டுமானால், அதிலிருந்து 13,000 அடிக் காற்றைக் கழிக்க வேண்டும். ஜனவரியில் அந்தக் கடற்கரையில் மேல்காற்று மேற்கிலிருந்து பலமாக அடிக்கும். 25,000 அடிக்கும் 13,000 அடிக்கும் காற்று வித்தியாசம் பத்துக்கணக்கான நாட் இருப்பது சர்வசாதாரணம். அந்த உயரத்தில் தன்பாட்டில் மிதக்கும் ஒரு பலூன்கூட இந்தத் தாளில் 40 மைல் வேகத்தில் நகர்வதாகத் தெரியலாம்.

நாசா குழு ஒற்றை எண் கொடுத்ததும் ஆரோ 5 முதல் 92 வரை என்று நீளமாகக் கொடுத்ததும் முரண்பாடு அல்ல. விமானம் எந்தத் திசையை நோக்கிப் போனது என்பது வீடியோவில் இல்லை. திசை தெரியாமல் காற்றை எந்தப் பக்கம் கூட்டுவீர்கள்? எல்லாத் திசையையும் சோதித்தால் இப்படித்தான் நீண்ட வரம்பு வரும். என்னைக் கேட்டால், நேர்மையான பதில் அந்த வரம்புதான். 40 என்பது பத்திரிகைத் தலைப்புக்கு வசதி.

---

எதிர்க்கட்சி பதில்:

எல்லோரும் 4.4 கடல் மைலை வேதவாக்காக எடுத்துக்கொண்டீர்கள். அந்தத் தொலைவு எண் எப்படி வந்தது? ஏடிஃபிளிர் என்ற, விமானத்தின் அகச்சிவப்புக் கேமராப் பெட்டியில் லேசர் தொலைமானி உண்டு, ரேடாரிலிருந்தும் தொலைவு வரலாம். இரண்டும் இல்லாதபோது கோண மாற்றத்தை வைத்துக் கருவியே ஊகித்துப் போடவும் வழி உண்டு. மூன்றாவது வழியில் வந்திருந்தால், பொருள் ஒரே உயரத்தில் இருக்கிறது என்ற எடுகோள் உள்ளேயே ஒளிந்திருக்கக்கூடும். அப்போது கோணமானியின் 13,280-ம் 13,500-ம் ஒத்துப்போவது சான்றே அல்ல. போட்டதைத்தானே திரும்ப எடுக்கிறீர்கள்!

---

கோணமானி பதில்:

நியாயமான அடி. உயரம் இரு முனையிலும் ஒத்துப்போவதை மட்டும் வைத்து நான் வாதாடக்கூடாது, ஒப்புக்கொள்கிறேன்.

ஆனாலும் தொலைவு எவ்வளவு தப்பாக இருந்தால் முடிவு கவிழும் என்று பாருங்கள். 10 சதவீதம் கூடுதலாக, 4.84 என்று வைத்தால் உயரம் 12,100 அடி. கடலைத் தொட வேண்டுமானால் 9.4 கடல் மைல் வேண்டும், அதாவது திரை காட்டுவதைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல். கருவி அவ்வளவு தப்பாகக் காட்டியது என்பவர்கள் அதற்குக் காரணம் சொல்ல வேண்டும்.

இன்னொரு சான்று தொலைவையே தொடாதது: வெப்பம். சூட்டைக் கருப்பாகக் காட்டும் அந்தத் திரை அமைப்பில் பொருள் வெளிச்சமாகவும் கடல் இருட்டாகவும் தெரிகிறது. அப்படியென்றால் அந்தப் பொருள் கடலைவிடக் குளிர்ந்தது. நாசா அறிக்கையும் இதைக் குறிப்பிட்டு, உந்துபொறி வெப்பத்துக்குச் சான்று இல்லை என்கிறது. 13,000 அடியில் மிதக்கும் பொருள் குளிர்ந்திருப்பது இயல்பு. கடல்மட்டத்தில் 367 நாட்டில் பாயும் பொருள் குளிர்ந்திருப்பது இயல்பல்ல. வெள்ளையாகத் தெரிவதெல்லாம் சூடு என்று நினைப்பவர்கள் திரை எந்த முறையில் இருக்கிறது என்ற எழுத்தை முதலில் படிக்கவும். அகச்சிவப்பு வீடியோவில் நடக்கும் தவறுகளில் பாதி அங்கேதான்.

சாய்வைப் பற்றியும் ஒரு வார்த்தை. 13 டிகிரி என்பது கண்ணால் எடுத்த சராசரி. 10 வைத்தால் சுமார் 530 மீட்டர், 15 வைத்தால் சுமார் 485 மீட்டர். இரண்டு பக்கமும் ஏறுகிறது, ஆனால் ஓடிப்போய்விடவில்லை. தொலைவின் கடைசி இலக்கம்தான் அதைவிடப் பிடிவாதம்: 3.3-க்குப் பதில் 3.4 போட்டுப் பாருங்கள்.

---

செவ்வானம் கேட்டது:

நன்றி, தெளிவாகிவிட்டது. இதே கணக்கைக் கடற்படையின் இன்னொரு வீடியோவான 'கிம்பலு'க்கும் போடலாமா? அதுவும் அதே கப்பற்குழு, தியோடர் ரூஸ்வெல்ட் விமானந்தாங்கிக் கப்பலின் குழுதானே?

---

கருவிழி பதில்:

அதே குழுதான், ஆனால் போட முடியாது. கிம்பல் திரையில் தொலைவு எண்ணே இல்லை. கோணம் மட்டும் கிடைக்கும்: சுமார் 34 விநாடியில் இடப்பக்கம் 54 டிகிரியிலிருந்து மூக்கைக் கடந்து வலப்பக்கம் சில டிகிரி வரை, கீழ்நோக்கிய கோணம் முழுக்க 2 டிகிரி. இந்தக் கோணங்களுக்குப் பொருந்தும் பாதைகள் எண்ணற்றவை. பத்துக் கடல் மைலுக்குள் வைத்தால் பொருள் வேகம் குறைந்து திரும்பிப் போவது போன்ற விசித்திரப் பாதை வரும். முப்பது கடல் மைலில் வைத்தால் சாதாரண ஜெட் ஒன்று நேராகப் போகும் பாதை வரும். விமானிகள் தரப்பு முதலாவதைச் சொல்கிறது, அதற்கு அவர்கள் காட்டும் ஆதாரம் ரேடார் திரை. அந்த ரேடார் பதிவு பொதுவெளியில் இல்லை. அதனால்தான் கிம்பல் சண்டை ஓயாமல் நடக்கிறது.

'சுழல்கிறது' என்று சொல்லப்படும் பகுதிக்கு மட்டும் ஓரளவு நல்ல விளக்கம் உண்டு. கேமராப் பெட்டி இரண்டு அச்சுகளில் திரும்புவது. இலக்கு மூக்குக்கு நேராக வரும்போது பெட்டியின் தலை பெரிதாக உருண்டாக வேண்டும். அந்த உருளலைப் படத்தில் ஈடுகட்டிவிடுவார்கள், அடிவானம் அசையாது. ஆனால் ஒளியியல் பாதையில் உண்டாகும் கூச்சொளி அந்த ஈட்டோடு சேர்ந்து சுழலும். சூடான பொறியின் கூச்சொளி பொறியையே மூடிவிடும் என்பதால், நாம் பார்க்கும் உருவம் பொருளின் உருவமே அல்ல. சுழற்சி மூக்கை நெருங்கும்போது நடப்பது இதற்குச் சாதகம்.

---

மேல்காற்று பதில்:

தொலைவைத் தப்பாக எடுத்தால் விசாரணை எப்படிக் கோணும் என்பதற்குச் சிலி நாட்டு வழக்கு நல்ல பாடம். 2014 நவம்பர் 11 அன்று சிலி கடற்படை ஹெலிகாப்டர் ஒன்று அகச்சிவப்புக் கேமராவில் ஒரு பொருளைப் பல நிமிடம் பிடித்தது. நடுவில் அது ஏதோ புகைபோல வெளியேற்றியது. நாட்டின் அதிகாரபூர்வ விசாரணை அமைப்பான செஃபா இரண்டு ஆண்டு ஆராய்ந்து, விளக்க முடியவில்லை என்று 2017 ஜனவரியில் வெளியிட்டது. இணையத்தில் சில நாட்களிலேயே ஆள் பிடிபட்டது: சாண்டியாகோவிலிருந்து கிளம்பி ஏறிக்கொண்டிருந்த நான்கு பொறிப் பயணிகள் விமானம், ஐபீரியா 6830. 'புகை' என்பது விமானத்தின் பின்னால் ஆவி உறைந்து உண்டாகும் வெண்தடம்.

தவறு எங்கே? பொருள் ஹெலிகாப்டர் உயரத்தில், குறிப்பிட்ட தூரத்துக்குள் இருக்கிறது என்று கண்ணால் மதிப்பிட்டதை விசாரணை அப்படியே எடுத்துக்கொண்டது. அந்த இடத்தில் ரேடாரில் எதுவும் இல்லை, ஆகவே மர்மம். உண்மையில் அது அதைவிடத் தொலைவிலும் உயரத்திலும் இருந்தது, அங்கே ரேடார் அதை ஒழுங்காகப் பார்த்துக்கொண்டுதான் இருந்தது. சரியான முறை தலைகீழானது: கேமராத் திசையை வரைபடத்தில் நீளமான கோடாக நீட்டி, அந்தக் கோட்டில் அந்த நிமிடத்தில் எந்த விமானம் இருந்தாலும் எல்லாவற்றையும் பட்டியலிட வேண்டும். முதலில் தூரத்தைத் தீர்மானித்துவிட்டுத் தேடக்கூடாது.

2004 மார்ச் 5, மெக்சிகோ விமானப்படை காம்பேச்சே பக்கம் பிடித்த 'பதினோரு விளக்குகள்' வழக்கிலும் இதே கோடு போட்டால், அது கடலில் இருக்கும் காண்டரெல் எண்ணெய் வயலின் எரிவாயுச் சுடர்களை நோக்கிப் போகிறது.

---

எதிர்க்கட்சி பதில்:

சரி, கோ ஃபாஸ்டை விட்டுக்கொடுக்கிறேன். ஒன்றை மட்டும் பிரித்து வையுங்கள். ரூஸ்வெல்ட் குழு விமானிகள் சொன்னது இந்த ஒரு வீடியோவை மட்டுமல்ல. ரேடாரைப் புதிய ஏபிஜி-79-க்கு மாற்றிய பிறகு பயிற்சி வான்வெளியில் திரும்பத் திரும்ப இலக்குகள் தெரிந்தன, ஒருமுறை மோதல் நூலிழையில் தவறியது என்று முன்னாள் கடற்படை விமானி ரயன் கிரேவ்ஸ் பகிரங்கமாகச் சொல்லியிருக்கிறார். ஒரு வீடியோவில் இருப்பது மிதக்கும் பொருள் என்று காட்டினால் மற்ற சாட்சியங்கள் தீர்ந்துவிடாது.

---

கோணமானி பதில்:

தீராது, உண்மைதான். அவை தனி வழக்குகள், தனித்தனியாகப் பதிவு வேண்டும். அதே வான்வெளியில் பலூன் மிதந்தாலும் விமானிக்கு ஆபத்து ஆபத்துதான். புதிய ரேடார் முன்பு தெரியாத சிறிய, மெதுவான பொருள்களையும் காட்டத் தொடங்கும் என்பதையும் மனதில் வையுங்கள். அது இரண்டு பக்க வாதத்துக்கும் தோதாக வளையும்.

---

செவ்வானம்:

3.4 போட்டுப் பார்த்தேன். 543 மீட்டர், மணிக்கு 55 மைல் வருகிறது. சரிதானா?

---

கோணமானி பதில்:

சரி. 0.1 கடல் மைலுக்கு 15 மைல் வேகம். இனி இரண்டு முனையிலும் கோணத்தை அரை டிகிரி முன்பின் வைத்து எல்லாச் சேர்க்கையையும் ஓட்டிப் பாருங்கள். காற்றைத் தொடாமலேயே வரம்பு எவ்வளவு விரிகிறது என்று தெரியும்.